றமீஸா கண்ட சாறம்

என் மச்சி றமீஸா காத்தான்குடியில் தறி நெய்கிறவள். எவர் இடுப்பில் இருக்கும் சாறத்தைப் பார்த்தாலும் அது எந்தத் தறியில் இறங்கியது என்று சொல்லிவிடுவாள். அந்தப் பெருமைதான் அவளுக்கு வினையானது.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, வாவிக்கரையில் மீன் வியாபாரி அப்துல் கபூரை எவனோ மண்டையில் அடித்துப் போட்டுவிட்டு ஓடினான். ஜன்னல் வழியாக றமீஸா கண்டது ஓடுகிறவனின் முதுகை. அதுவும் கண் மூடித் திறக்குமுன் மறைந்துவிட்டது.

மத்தியானம் பொலிஸ்காரர் வந்து தறிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். என்ன கண்டாய் என்று கேட்டிருந்தால் முதுகு என்று சொல்லி முடித்திருப்பாள். அந்த மனுசன் அப்படிக் கேட்கவில்லை. சாறம் கோடு போட்டதா, கட்டம் போட்டதா என்றார். தெரியாது என்றாள். நெய்கிறவளுக்குத் தெரியாதா, நன்றாக யோசி என்றார். கோடு என்றாள். என்ன நிறம்? நாலாம் முறை கேட்டபோது, பச்சை, ஊதாக் கரை என்றாள். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

பத்து நாள் கழித்து, அப்படியொரு சாறம் கட்டியிருந்த ஷிஹானைப் பிடித்து விளக்கமறியலில் போட்டார்கள். கபூர் கண் திறக்கவில்லை. அவர் மௌத்தானால் கொலை வழக்கு. நீதிமன்றத்துக்கு வந்து அடையாளம் காட்டும்படி றமீஸாவுக்குக் கடிதம் வந்தது. அவன்தான் என்று அவளும் சத்தியமாக நம்பினாள்.

நீதிமன்றத்துக்குப் போவதற்கு முதல் நாள் ஷிஹானின் மனைவி கைறுன்னிஸா வாசலில் வந்து நின்றாள். சண்டை பிடிக்கவில்லை.

"அது நீங்க நெய்த சாறம்தான் ராத்தா. கபூர் காக்கா அடிபட்டு மூணு நாளைக்குப் பிறகு உங்கட கையாலதானே வாங்கின நான்."

றமீஸா தறியைத் திரும்பிப் பார்த்தாள். பச்சை, ஊதாக் கரை. தறியில் ஏற்றியிருந்த அந்தப் பாவு நூலில் முதல் சாறத்தையே அந்தத் திங்கட்கிழமைதான் அறுத்திருந்தாள். பொலிஸ்காரர் கேட்ட நேரம் அது அவள் கண்ணுக்கு முன்னால் தறியில் கிடந்தது.

பொய் வாக்குமூலம் என்று உள்ளே தள்ளுவார்கள், வாயை மூடிக்கொண்டு இரு என்று நான்தான் சொன்னேன். பயத்தில் சொன்னேன். அவள் கேட்கவில்லை. மறுநாள் நீதவான் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஷிஹான் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தான்.

இனிப் பயமில்லைதானே என்று கேட்டேன். அவள் முகம் வெளிறியே இருந்தது.

"அந்தச் சாறம் அண்டைக்குத் தறியிலதான் கிடந்த மச்சி. எனக்குத் தெரியும். ஆனா கண்ண மூடினா, அவன் இப்பயும் அதத்தான் கட்டிட்டு ஓடுறான்."