அமாவாசை பார்க்கும் டீச்சர்

தேங்காய்க் கடையோ மருந்துக் கடையோ, உள்ளே நுழைந்ததும் ஆரோக்கியசெல்வி டீச்சரின் கை முதலில் போவது சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டருக்குத்தான். கடைக்காரரைக் கேட்பதில்லை. நாலு தாள், எட்டுத் தாள் என்று விறுவிறுவெனப் புரட்டி, ஒன்றில் விரலை வைத்துக்கொண்டு, "அமாவாசை இதானேங்க?" என்பாள். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவளுக்கு அமாவாசை எதற்கு என்று ஊருக்குப் புதியவர்கள் விழிப்பார்கள். ஆரணிக்காரர்களுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் தறி நிற்கும். தறி நின்றால்தான் டீச்சரின் பெண்கள் பாஸ்கெட்பால் கிளப்புக்கு ஆள் சேரும்.

வயது முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். அதைக் கோயிலிலும் கழற்ற மாட்டாள். சாமியார் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். உட்கார மட்டும் அவளுக்குத் தெரியாது. பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். டீயைக் கையில் வாங்கிக்கொண்டே நடந்துவிடுவாள். டம்ளரைக் கொடுக்கத் தெருக்கோடியிலிருந்து திரும்பி வரவேண்டும். "உக்காந்தா எனக்கு பேஜாரா இருக்குதுங்க. நின்னுகினு இருந்தா இன்னா கெட்டுப்போச்சு?"

எழுபத்து நாலில், கோயிலுக்குப் பின்னால் இருந்த களிமண் மைதானத்தில் கிளப்பைத் தொடங்கியபோது, இருந்தது ஒரு பந்தும் ஒரு கம்பமும்தான். வளையம் வெல்டிங் கடையில் சொல்லிச் செய்தது. வலையை முள்ளிப்பட்டுத் தறிக்காரப் பெண்கள் கழிவுப் பட்டு நூலில் முடிந்து கொடுத்தார்கள். பட்டில் பழகிய விரல்கள் போட்ட முடிச்சு லேசில் நெகிழுமா? முதல் நாள் போட்ட பந்து வலையிலேயே தங்கிவிட்டது. கழியால் குத்தி இறக்கினார்கள். இதையெல்லாம் சமாளித்துவிட்டாள். சமாளிக்க முடியாதது கல்யாணம். இந்த ஒன்பது வருஷத்தில் இருபத்து மூன்று ஆட்டக்காரிகளுக்குக் கல்யாணமாகி, இருபத்து மூன்று பந்தியிலும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகையும் கையுமாக யாராவது வந்தாலே, மிச்சம் எத்தனை பேர் என்று விரலை மடக்கத் தொடங்கிவிடுவாள்.

மைதானத்தில் அவள் கத்துவது ஒன்றே ஒன்று. "கைய நீட்டுடி. கேக்காதவளுக்கு எவ பந்து போடுவா?" தெருவில் போகிறவர்களுக்குக்கூட அது மனப்பாடம். ஆனால் அவள் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. படிக்கிற நாளில் பையன்கள் ஆடுவார்கள். வெளியே ஓடும் பந்தைப் பொறுக்கிப் போடுவது இவள் வேலை. கிளப் தொடங்கியதே தானும் ஆடலாம் என்றுதான். விசில் கழுத்தில் ஏறியது, பிறகு இறங்கவே இல்லை. கேட்டால் முழங்கால் வலி என்பாள். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. பயம்.

போன வருஷம் வேலூர் மேட்ச் அன்று ஒரே முகூர்த்தத்தில் இரண்டு பெண்களுக்குத் தாலி ஏறியது; கிளப் போகவில்லை. இந்த வருஷமும் ஐந்து பேர் வந்து நிற்காவிட்டால் கிளப்பின் பெயரை எடுத்துவிடுவோம் என்று மாவட்டச் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. மிச்சம் இருப்பதே ஐந்து பேர். அதில் கற்பகம் முள்ளிப்பட்டில் மணவாளன் தறியில் நெய்கிறவள். அமாவாசை தவிர லீவு கிடையாது. டீச்சர் மருந்துக் கடைக் காலண்டரைப் புரட்டினாள். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தாளிலேயே 'அமாவாசை' என்று போட்டிருந்தது. மாதா இரங்கிவிட்டாள் என்று, அந்தத் தேதியையே கேட்டு எழுதிப் போட்டாள். வேலூர்க்காரர்களும் சரி என்றார்கள்.

முந்தின நாள் சனிக்கிழமை, ஞாபகப்படுத்திவிட்டு வரலாமென்று முள்ளிப்பட்டுக்குப் போனாள். தெருவில் தறிச் சத்தமே இல்லை. கற்பகம் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை உதறிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என்னாடி, தறியில உக்காரலியா?"

"இன்னிக்குதானே அமாவாசை டீச்சர். படையல் போட்டாச்சு."

திதி சனிக்கிழமை காலையில் தொடங்கி ஞாயிறு காலையோடு முடிகிறது. அந்த மணிக்கணக்கு தாளிலேயே பொடி எழுத்தில் இருந்தது. பிறந்ததிலிருந்து கும்பிடுகிறவர்கள் மத்தியானத்தில் திதி எந்த நாளில் இருக்கிறதென்று பார்ப்பார்கள். டீச்சர் பெரிய எழுத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

மணவாளனிடம் ஓடினாள். நல்ல மனுஷன், நாற்காலி எடுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"ஆட்டத்த கெடுக்கணும்னு இல்லீங்க டீச்சர். புதன்கிழம முகூர்த்தம். திங்கக்கிழம காலைல பொண்ணு ஊட்டுக்காரங்க வந்து நிப்பாங்க. புடவை இன்னும் தறியிலயே கீது. வேற ஆள் நெய்ஞ்சா தறி அடிக்கிற அடி மாறிப்பூடும், துணியில தெரியும்."

எவளோ முகம் தெரியாத பெண்ணின் கல்யாணம் இந்த முறை புடவையாக வந்து குறுக்கே நின்றது. கூடவே வந்திருந்த கற்பகம் தரையைப் பார்த்துக்கொண்டு அழுதாள். தன் ஒன்பதாம் நம்பர் சட்டையை மடித்து டீச்சர் கையில் கொடுத்தாள்.

அங்கிருந்தே களம்பூருக்கு பஸ். பழைய கேப்டன் கண்ணகியை அங்கேதான் ரைஸ் மில்காரர் வீட்டில் கொடுத்திருந்தது. கதவைத் திறந்த கண்ணகிக்கு ஏழு மாசம்.

"என் வயித்தப் பாத்துகினே கூப்புடுறீங்களே டீச்சர்" என்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "நீங்கதான் ஆடுங்களேன்" என்றாள்.

"சும்மா இருடி. முழங்கால் வலி."

"அது மத்தவங்களுக்கு சொல்றது. எனக்குமா?"

கொடுத்த காபியை டீச்சர் வாசலிலேயே நின்று குடித்துவிட்டு, ஆரணி வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி வந்தாள்.

மறுநாள் வேலூர் கோர்ட்டில் நாலு பெண்கள் வரிசையாக நின்றார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சாவது ஆள் எங்கம்மா?"

டீச்சர் கோட்டோரமாக இப்படியும் அப்படியும் மூன்று தடவை நடந்தாள். நாலு பேரின் கண்ணும் அவள் கூடவே நடந்தது. பிறகு பையிலிருந்து ஒன்பதாம் நம்பர் சட்டையை எடுத்து ஜாக்கெட்டுக்கு மேலே மாட்டினாள். புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகினாள்.

"ஆரோக்கியசெல்வி. எழுதிக்குங்க."

"புடவையிலயா?"

"நிக்கணும்னுதானே சொன்னீங்க. நிக்கறேன்."

விசில் கயிறு கொண்டையில் மாட்டிக்கொண்டது. பிய்த்து இழுத்து மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். கை இரண்டு தடவை கழுத்துக்குப் போய் வெறுமனே திரும்பியது. "பயமா இருக்குதுடி" என்றாள், பக்கத்தில் நின்ற பெண்ணிடம். அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

நடுவர் பந்தை மேலே எறிந்தார். தட்டியதும் எகிறி வந்து எதிர் மூலையில் நின்ற, கிளப்பின் நாலு பேரில் சின்னவளிடம் விழுந்தது. அவள் யாருக்குப் போடுவதென்று சுற்றிலும் பார்த்தாள்.

டீச்சர் இரண்டு கையையும் நீட்டினாள்.