நேற்றைய நோன்பும்

பர்வினிடம் பெண்கள்தான் போன் திருத்தக் கொடுப்பார்கள். போனில் படங்கள் இருக்கும், பட்டணத்துக் கடைகளில் இளந்தாரிகள் பார்த்துவிடுவார்கள் என்ற பயம். புத்தளத்து அகதி முகாமில் பிறந்து, அங்கே ஒரு கடையில் வேலை பழகி, நாஸிமைக் கட்டி முல்லைத்தீவுக்கு வந்தவள். பள்ளிவாசல் சுவரில் தொழுகை நேரம் காட்டும் பெட்டியைச் செய்ததும் அவள்தான். உள்ளே உள்ளங்கையளவு கணினி. நோன்பு மாதத்தில் விடியுமுன் சாப்பிடும் சஹர் முடியும்போது சைரனும் ஊதும்.

வியாழன் காலை சைரன் பிந்தி ஊதியது. பஸ் ஓட்டும் நவ்பர் தன் போனைப் பார்த்துக் கண்டுபிடித்தார். நோன்பு தொடங்கும் சுபஹ் நேரம் வந்த பிறகும் ஊர் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இன்றைய நோன்பு கூடாது, கணக்கில் வராது, எல்லோரும் பிறகொரு நாள் ஈடாகக் கழாப் பிடிக்க வேண்டும் என்று மௌலவி ஒலிபெருக்கியில் அறிவித்தார். பெட்டியைக் கழற்றச் சொன்னார் பள்ளிவாசல் தலைவர். நாஸிம் பொழுதுபட்டு மஃரிப் வரை தவணை கேட்டான்.

அந்தப் பள்ளிக்குள் பெண்கள் போவதில்லை. நாஸிம் பெட்டிக்கு முன்னால் நின்றான். பர்வின் வீட்டிலிருந்து போனில் கேட்டாள்.

"மணிக்கூடு எவ்வளவு பிந்தி?"

"பன்னிரண்டு நிமிசம்."

"இன்ரநெட் வருதோ?"

"இல்லை. திங்கள் காலமையோட டேட்டா முடிஞ்சுதாம். ஒருத்தரும் போடேல்லை."

இணையம் நேரத்தைத் திருத்திக்கொள்ளும் என்று நம்பித்தான் அவள் மணிக்கூட்டுப் பற்றரி வைக்கவில்லை. ஆனால் இணையம் இல்லாவிட்டாலும் மூன்று நாளில் இவ்வளவு பிந்தாது. சார்ஜரை மாற்றச் சொன்னாள். மதிய லுஹர் முடிந்ததும் நேரத்தைச் சரியாக வைத்து, பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாள்.

ஒரு மணித்தியாலம் போனது.

"ஒரு செக்கனும் பிசகேல்லை. தலைவர்தான் என்னை முறைச்சு முறைச்சுப் பார்க்கிறார்."

பின்னேர அஸர் பாங்குக்குச் சற்று முன் திரும்பவும் அழைத்தான்.

"பர்வின், நாலு நிமிசம் பிந்தீட்டுது."

"விட்டுப்போட்டு எங்க போனனீங்கள்?"

"கைகால் கழுவி ஒளுச் செய்யத்தான்."

மெதுவாக ஓடவில்லை. இடையில் எப்போதோ நிற்கிறது.

நோன்புக் கஞ்சி வாங்குகிற பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பள்ளியின் பின்பக்கம் போனாள். பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவளுக்கு முன்னால் சரீபா ராத்தா. சீனி வருத்தக்காரி.

"ஒரு நோன்புதானே தங்கச்சி, எப்பிடியும் பிடிச்சிருவன்" என்றாள்.

பர்வின் தலையாட்டினாள். கஞ்சிக் கொட்டிலில் தேங்காய் துருவும் மிசின் இருந்தது. அதன் வயர் பள்ளியின் யன்னலுக்குள் போனது.

"மஹ்றூப் காக்கா, இதை எங்க செருகிறியள்?"

"உன்ர பெட்டி இருக்கிற இடத்திலதான்" என்றார் கஞ்சி காய்ச்சுகிறவர். "பெட்டியைக் கழட்டி, துருவி முடியத் திரும்பச் செருகிவிடுவன். நான் என்ன கள்ளனோ?"

"எப்பவிலிருந்து?"

"தலை நோன்பிலயிருந்து. பளையால வந்த தேங்காய், பிள்ளை. பாலில்லாட்டி உன்ர மணிக்கூட்டைக் கரைச்சு ஊத்தட்டோ?"

வரிசை சிரித்தது.

கழற்றினால், பற்றரி இல்லாததால் பெட்டியின் நேரம் நிற்கும். செருகினால் நின்ற இடத்திலிருந்து ஓடும். திங்கள் காலை வரை இணையம் திருத்தியது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் தேங்காய் துருவிய நான்கு நிமிடங்கள் சேர்ந்துகொண்டே வந்தன. சைரனை ஐந்து நிமிடம் முந்தி ஊத வைத்திருந்தாள், பேணுதலுக்காக. செவ்வாய் சஹருக்கு நான்கு நிமிடம், அது போதும். புதனுக்கு எட்டு, போதாது.

நாஸிமுக்கு அழைத்தாள்.

"பிழை பிடிபட்டுது. வேற பிளக் குடுத்தாச் சரி. ஆனா நேற்றைய நோன்பும் கூடாது. மௌலவியிட்டச் சொல்லுங்கோ."

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்டோட அடங்கின கதை. ஏன் கிளப்புறாய்? இனி உன்னட்டத் திருத்த ஒரு போனும் வராது."

"நீங்கள் சொல்லாட்டி இந்த வரிசையில நான் சொல்லுவன்."

அழைப்பைத் துண்டித்தான்.

வரிசை நகர்ந்தது. மஹ்றூப் காக்கா சரீபாவின் வாளிக்குள் கஞ்சி ஊற்றினார். பிறகு பர்வினின் பாத்திரத்துக்குள். அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பாத்திரம் கையைச் சுட்டது.

ஒலிபெருக்கி கரகரத்தது. மௌலவியின் குரல். நேற்றைய நோன்பும் கழா என்றார், ஏனென்றும் சொன்னார். மஹ்றூப் காக்கா அகப்பையைக் கீழே வைத்தார்.

சரீபா வாளியை நிலத்தில் வைத்துவிட்டுப் பர்வினைப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு."

"ஓம் ராத்தா."

"என்ர உடம்புக்கு ரெண்டு."

சரீபா குனிந்து வாளியைத் தூக்கினாள்.

"நாளைக்குச் சஹருக்கு நீ வந்து கதவைத் தட்டு. உன்ர பெட்டியை நான் நம்பமாட்டன். முடியிற நேரத்துக்கும் நீதான் வந்து சொல்லவேணும்."

"வாறன் ராத்தா."

"மற்ற வீடுகளுக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.