சோலையம்மாள் கிழிக்காத சீட்டு

சோலையம்மாளைப் பற்றிச் சொல்லச் சொன்னால் நான் ஜீப்பிலிருந்துதான் தொடங்குவேன். இருபத்தாறு வருஷம் அவளை நான் பார்த்தது அதில்தான். போடியில் விடிகிற நேரத்துக்கு ஏறி, மெட்டுக் கணவாய் தாண்டி, ஏலத்தோட்டத்தில் இறங்கி, சாயங்காலம் திரும்புவோம். பின்பக்கக் கம்பியோரம் அவள் இடம். அவள் முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வரும்.

ராசிங்காபுரத்துப் பெண். புருஷன் சுருளி லோடு ஏற்றப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச் சேர்ந்தபோது மகள் ரோஜாவுக்கு நாலு வயது. முப்பதாம் நாள் காரியம் கழிந்த மறுநாளே மலை ஏறிவிட்டாள். காய் எடுப்பில் அவளை முந்த ஆள் கிடையாது. செடிக்கடியில் குத்தவைத்தபடியே நகர்ந்து போய், நாங்கள் பாதி வரிசையில் கிடக்கும்போது அந்தக் கோடியிலிருந்து, "என்ன யக்கா, செடியோட குடும்பம் நடத்துறியா?" என்பாள். கங்காணிக்கே சிரிப்பு வந்துவிடும்.

எங்களிடம் இரண்டு கார்டு உண்டு. ஒன்று சர்க்கார் காப்பீடு. அதற்கு ஆஸ்பத்திரியில் பெட்டில் படுக்க வேண்டும். படுக்காத நோய்க்கு அது உதவாது. அரசாஸ்பத்திரியில் சும்மாவே பார்ப்பார்கள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே வரிசையில் நிற்கிற நேரத்தில் நாங்கள் மேலே காட்டில் இருப்போம். அதனால்தான் எங்கள் மகளிர் குழுவுக்கு சூர்யகலா என்ற பெண் வந்து இன்னொரு கார்டைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு நாள் கூலி கட்டினால் போதும். பத்துச் சீட்டு வைத்த சின்னப் புத்தகம் தருவார்கள். ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் போடியில் அவர்கள் கிளினிக்கில் டாக்டர் பார்ப்பார், ரத்தம் சோதிப்பார்கள், மாத்திரையும் தருவார்கள். தினமும் இருட்டிய பிறகும் திறந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை உண்டு. வருஷம் முடிந்தால் மிச்சச் சீட்டு செல்லாது. பணம் கட்டிப் புதுப் புத்தகம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சூர்யகலா எதையும் ஒளிக்கவில்லை. சின்னதாக இருக்கும்போதே வந்துவிடுங்கள், அதற்குத்தான் இது என்று மூன்று தடவை சொன்னாள். நாங்கள் ரேகை வைத்தோம். முதல் கார்டுக்குப் படுக்கிற கார்டு, இதற்கு நடக்கிற கார்டு என்று பேரும் வைத்துக்கொண்டோம்.

ஆனால் பத்து என்று எண்ணிக் கொடுத்த எதையும் எங்களுக்குச் செலவழிக்கத் தெரியாது. கிழித்தால் குறையும் என்பது மட்டும் மண்டையில் நின்றது. குழுவில் பாதிப் பேர் புத்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள். காய்ச்சலுக்குக் கடை மாத்திரை, இருமலுக்குக் கஷாயம். சீட்டு, வரப்போகிற பெரிய நோய்க்கு. பெரிய நோய்க்கு அந்தச் சீட்டு உதவாது என்பதுதான் அதில் வேடிக்கை.

அந்த ஐப்பசியில் சோலைக்கு வலது குதிகாலில் பூட்ஸ் கடித்துப் புண் வந்தது. மத்தியானச் சோறு தின்கையில் காலை நீட்டிக் காட்டினாள். ஓரம் வெளுத்து, நடுவில் குழி.

"சீட்டக் கிழிச்சுரவாக்கா?"

"வலிக்குதாடி?"

"வலியே இல்ல. அதான் எனக்கே அதிசயமா இருக்கு."

"வலியில்லாததுக்கு எவளாவது கிழிப்பாளா? ரோஜா புள்ளத்தாச்சியா இருக்கா, நாளைக்கு அவளுக்கு வேணும். மஞ்சள அரைச்சுப் பூசு."

இதைச் சொன்னது நான்தான். வேறு யார் தலையிலும் போட மாட்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அன்றைக்கு அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

கார்த்திகை பிறந்ததும் ஜீப்பில் ஒரு நாற்றம் வர ஆரம்பித்தது. எலி செத்துக் கிடக்கிறது என்றாள் ஒருத்தி. டிரைவர் அழகுமலை உட்காரும் பலகையைக் கழற்றி, மிதியடியைத் தூக்கி, வண்டிக்கு அடியில் படுத்துக்கூடப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. பினாயில் ஊற்றிக் கழுவினான். மறுநாளும் நாறியது. மெட்டு வளைவுகளில் காற்று திரும்பும்போதெல்லாம் எங்கள் பக்கமாக வந்து மோதும். "எலி இல்லண்ணே, பேயி டிக்கெட்டு எடுக்காம வருது" என்று சோலைதான் பகடி பேசினாள். எல்லோரும் சிரித்தோம். அவள் முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. கீழே, அவள் பூட்ஸுக்குள், அது இருந்தது.

நாலாம் நாள் செடிக்கடியில் சாய்ந்துவிட்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் பூட்ஸைக் கத்தியால் அறுத்துத்தான் எடுத்தார்கள். பல வருஷமாகச் சர்க்கரை இருந்திருக்கிறது, அதனால்தான் காலுக்கு வலி தெரியவில்லை என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை. எல்லாவற்றையும் படுக்கிற கார்டு பார்த்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை நான் எட்டிப் பார்த்தால், "யக்கா, பூட்ஸக் கழட்டி விடு, உள்ள ஈரமா இருக்கு" என்பாள். முதல் தடவை எனக்குப் புரியவில்லை. "எந்தப் பூட்ஸுடி?" என்றேன். இல்லாத காலைக் காட்டினாள். புத்தி தெளிவாகத்தான் இருந்தது. "இல்லைன்னு எனக்கும் தெரியுது. ஆனா ஈரமா இருக்குதே, நான் என்ன செய்ய?" என்றாள். நான் கீழே உட்கார்ந்து, வெறும் பாயின் மேல் இரண்டு கையையும் கொண்டுபோய், பிடித்து இழுத்தேன். அவள் பெருமூச்சு விட்டாள். அன்றிலிருந்து போகும்போதெல்லாம் கழற்றிவிடுவேன். இழுக்கிற நேரத்தில் என் கையில் கனம் தெரியும். சொன்னால் நம்ப மாட்டார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சர்க்கரை மாத்திரை தீர்ந்ததும் விட்டுவிட்டாள். பங்குனியில் ஒரு நாள் அவள் இடது காலைக் கழுவிவிட்டபோது சுண்டுவிரல் இடுக்கில் வெடிப்பு ஒன்றைப் பார்த்தேன். ஓரம் வெளுத்திருந்தது. கேட்டேன், வலியில்லை என்றாள். எழுந்து புத்தகத்தைத் தேடினேன். பெட்டியில் பத்துச் சீட்டும் கிழிபடாமல் கிடந்தன. வருஷம் முடிய ஒன்பது நாள்.

கிளம்பு என்றேன். மாட்டேன் என்றாள். ரோஜா புகுந்த ஊரான தேவாரத்தில் பிள்ளை பெற்றுவிட்டாள், இனி அந்தப் பிள்ளைக்கு வேண்டுமாம். ஒன்பது நாளில் செல்லாமல் போகிற சீட்டை எந்தப் பிள்ளைக்குடி வைக்கிறாய் என்று கத்தினேன். "நீதானக்கா வீணாக்காதன்ன" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆட்டோ கொண்டு வந்து, தூக்கி உள்ளே போட்டுக்கொண்டு போனேன்.

கிளினிக்கிலும் புத்தகத்தை மடியில் இறுக்கிக்கொண்டாள். ஒரு நோயும் இல்லாதவள் கிழித்துக் காட்டினால் இவளுக்கு மனசு வரும் என்று நினைத்து, என் சீட்டைக் கிழித்து மேசையில் போட்டேன். "மொதல்ல எனக்குப் பாருங்க டாக்டரம்மா. எனக்கு ஒண்ணுமில்ல. சும்மா பாருங்க" என்றேன்.

அந்த டாக்டரம்மா மெல்லிய தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை எடுத்தார். கண்ணை மூடச் சொன்னார். பாதத்தில் தொடும்போது சொல்லுங்கள் என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெளியே பஸ்சு ஒன்று ஹாரன் அடித்துப் போனது. சோலை மூச்சு விடுவது கேட்டது. எனக்குப் பொறுமை போனது.

"எப்பத்தான் தொடுவீக?"

"ஆறு எடத்துல தொட்டாச்சும்மா."

எனக்குத் தோற்க மனசில்லை. கொஞ்ச நேரம் விட்டு, "இந்தா, இப்ப" என்றேன்.

"கையை எடுத்துட்டேன்மா" என்றார்.

கண்ணைத் திறந்தபோது சோலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகடி பேசுவாள் என்று நினைத்தேன். மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து, முதல் சீட்டைத் தானே கிழித்து நீட்டினாள். அவள் இடது காலில் நாலு இடத்தில் உணர்ச்சி இருந்தது. புண் மேலோடு இருக்கிறது, மாத்திரையை விடாமல் தின்று வாராவாரம் வந்து காட்டினால் இந்தக் காலைக் காப்பாற்றலாம் என்றார். எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் சர்க்கரை. எத்தனை வருஷமாக என்று யாருக்குத் தெரியும்.

திரும்பும்போது ஆட்டோவில் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடு என்றாள். மூடினேன்.

"தெரியுதாக்கா?"

"தெரியுது" என்றேன்.

அவள் அழுத்தினாளா, சும்மா கேட்டாளா, எனக்குத் தெரியாது. அதை அவளிடம் நான் கேட்கவும் இல்லை.