என் மடியில் அடங்கிய முயல்

மானாம்பதி வரப்புகளில் பனி உலரும் முன் அறுகம்புல் அறுத்து, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு முதல் பேருந்தில் ஏறுவது பல ஆண்டுகள் என் வழக்கமாயிருந்தது. பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் முயல்களைப் பராமரிப்பது என் பணி. புல்லின் மணம் எட்டியதும் வெண்முயல்கள் கம்பியருகே திரளும். மேகத்துக்குள் நுழைவதுபோல் என் கை கூண்டுக்குள் நுழையும்.

சோதனை நாட்களில் முயலை மடியில் இருத்திப் பிடிப்பவனும் நானே. பிறர் பிடித்தால் அது உதைக்கும்; என்னிடம் அசையாது. அதை என் திறமையென்று எண்ணிப் பெருமை கொண்டிருந்தேன்.

ஒருநாள் முயலின் கண்ணில் சோதனை மருந்துச் சொட்டு விட வந்த பெருநகர் மாணவி, கையை இறக்கிவிட்டாள்.

“தாத்தா, நீ புடிச்சா மட்டும் எப்டி அடங்கிக் கீது பாரு! புல்லு குடுத்த கையாச்சேன்னு நம்பிக்கினு கீது.”

“பேச்சு போதும். பெரியவரே, கெட்டியாப் புடிங்க,” என்றார் அருகில் நின்ற பேராசிரியர்.

என் விரலிடுக்கில் முயல் முகம் புதைத்தது. உள்ளங்கையில் அதன் நெஞ்சு துடித்தது. எழுந்து சென்று அதைக் கூண்டில் விட்டேன்.

“இனிமே புடிக்க மாட்டேன் சார்.”

“அப்போ வேலை?”

“வேணாம் சார்.”

விலங்குச் சோதனைகளை நிறுத்தக் கோரி அம்மாணவி எழுதிய மனுவில், அவளுக்கு அடுத்த கையொப்பம் என்னுடையது. பதில் இன்னும் வரவில்லை. இப்போதும் விடியலில் வரப்பில் நடக்கையில் என் கை தானாகவே புல்லைப் பறிக்கிறது. சற்றுநேரம் அதை ஏந்தி நின்றுவிட்டு, அங்கேயே வைத்துவிட்டுத் திரும்புகிறேன்.