தூசு படாத தட்டுகள்

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் இருந்தபோது என் மகளுக்கு ஐந்து வயது. காற்று வீசினாலே அவளுக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். வீட்டுக்கு எதிரே சுரங்கத்துக் கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேடு. அந்தத் தூசுதான் காரணமா, வீட்டை மாற்ற வேண்டுமா என்று தெரியாமல் தவித்தேன். அப்போதுதான் அரசாங்கப் பணத்தில் ஆராய்ச்சி செய்யும் ஓர் இளைஞர் வந்து, எங்கள் லைன் வீடுகளின் கூரை ஓரத்தில் வெள்ளைத் தட்டுகளை வைத்தார். "பத்திரமா பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து வந்து தட்டுகளை இறக்கினார். எல்லாம் பளபளத்தன.

"தூசு எங்கே?"

"இன்னா சார் அப்படிக் கேட்டுட்டீங்க! கவர்மென்ட்டு சாமானாச்சே. ஸ்டூல் போட்டு ஏறி தெனமும் தொடச்சிக்கினு வந்தோம்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "எங்க ஊட்டுத் தட்டைக்கூட இப்படித் தேச்சதில்ல."

லைனே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மறுபடியும் வைப்பீங்களா சார்?" என்று கேட்டேன்.

"மார்ச்சோட பணம் முடியுதுங்க. அறிக்கை கொடுத்தாகணும்."

"இன்னான்னு எழுதுவீங்க?"

அவர் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் அடுக்கினார். "தட்டுல இருக்கறதைத்தாங்க எழுத முடியும்."

விடைக்குக் காத்திராமல் அந்த மாதமே, மேட்டிலிருந்து தள்ளியிருக்கும் ஆண்டர்சன்பேட்டைக்குக் குடிபோனோம். இழுப்பு மெல்லக் குறைந்தது. இடம் மாறியதாலா, வயது ஏறியதாலா என்று சொல்ல யாருமில்லை. மகள் இப்போது பத்தாம் வகுப்பு. காற்று எழுந்தால், செய்வதை நிறுத்திவிட்டு அவள் மூச்சைத்தான் இன்னும் கேட்கிறேன்.