ஒரே சில்லு, இரண்டு கை

என் ஓரகத்தியின் விரலில் பட்ட வெட்டு நாலாம் நாளே ஆறிவிட்டது. என்னுடையது ஆறவில்லை. இரண்டு பேரையும் வெட்டியது ஒரே சில்லுதான், அதுவும் ஒரே நிமிஷத்தில். இந்த அநியாயம் எனக்கு இன்றைக்கும் செரிக்கவில்லை.

என் கொழுந்தனாரின் மனைவி அவள். எங்களுக்கு ஒரே வீடு, ஒரே அடுப்பு. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற ஒரு கம்பெனியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வேலையும் செய்கிறோம். சூளையிலிருந்து வருகிற பொம்மைகளின் அடியில் பளபளப்புப் பூச்சு வழிந்து, கெட்டியாகிப் பிசிறு பிசிறாக நிற்கும். அதை உரசி எடுத்து, விரிசல் விட்டதைத் தனியாக ஒதுக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கும் ஒன்றாகத்தான் எழுந்திருப்போம்.

சாப்பாட்டில் ஆரம்பித்ததுதான் எல்லாம். அவள் நாலு புரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் ஒண்ணு இருக்குதாக்கா?" என்று கேட்பாள். நான் இரண்டு இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் சாப்பிடுவது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. நான் சாப்பிடுவது எங்கே போகிறது என்று ஊருக்கே தெரியும். ஷேர் ஆட்டோவில் நான் உட்கார்ந்த பிறகு மிச்சமிருக்கிற இடத்தில் அவளால் மட்டும்தான் உட்கார முடியும்.

ஒல்லியாக இருக்கிறாள் என்பதற்காக மட்டும் பொறாமைப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அது பழகிப்போன பொறாமை. நோய் அவளை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது, என்னிடம் வந்தால் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொரோனா வந்த வருஷம் வீட்டில் எல்லோருக்கும் வந்தது. அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் எழுந்து ரசம் வைத்தாள். நான் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தேன். அந்த ரசத்தைத் தூக்குவாளியில் எனக்கும் கொடுத்தனுப்பினாள். குடிக்கும்போது நன்றியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

சில்லு வெட்டிய அன்று, யானைப் பொம்மைகள் அடுக்கிய பலகை ஒன்று சரிந்தது. இரண்டு பேரும் ஒரே யானையைப் பிடிக்கப் பாய்ந்தோம். யானை உடைந்தது. அவளுக்கு ஆள்காட்டி விரலில் வெட்டு, எனக்கு வலது கட்டைவிரலின் அடியில். எங்கள் கம்பெனியில் இதற்கெல்லாம் மருந்து தேடுகிற வழக்கமில்லை. பொம்மைக்குக் கரைக்க வைத்திருக்கும் வெள்ளை மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து வெட்டின் மேல் வைத்து அமுக்கினால் ரத்தம் நின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எல்லோரும் கற்றுக்கொள்கிற வைத்தியம். அவளுக்கு நான் அமுக்கிவிட்டேன், எனக்கு அவள் அமுக்கிவிட்டாள்.

நாலாம் நாள் குழாயடியில் கை கழுவும்போது அவள் விரலில் இருந்த மண் பொருக்கு உதிர்ந்தது. கீழே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். "ஒங்களுது ஆறிடுச்சாக்கா?" என்றாள்.

"எப்பவோ ஆறிடுச்சு" என்றேன், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.

ஆறவில்லை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. 'ஐயோ பாவம்' என்பது போல ஒரு பார்வை பார்த்திருப்பாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள எனக்கு மனசில்லை. அதனால் தினமும் காலையில் அவள் வருவதற்குள் புது மண்ணை எடுத்துப் பழைய மண்ணின் மேலேயே அப்பிக்கொண்டேன். மேலே வெள்ளையாக, காய்ந்து, பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. உள்ளே விண்விண்ணென்று தெறித்தது. அவள் விரலை ஓரக்கண்ணால் பார்ப்பேன், தழும்புகூட மங்கிக்கொண்டிருந்தது. அது மறுபடி வெடித்துக்கொள்ளக் கூடாதா என்றுகூட ஒருநாள் நினைத்தேன். சொல்லக் கூசுகிறது, ஆனால் நினைத்தேன்.

பத்தாம் நாள் என் கையிலிருந்து ஒரு பொம்மை தானாக நழுவி விழுந்தது. கட்டைவிரல் மடங்கவில்லை. உடம்பு குளிரில் வெடவெடத்தது. அவள் என் கையைப் பிடித்துத் திருப்பினாள். மண் பெயர்ந்து விழுந்தது, கூடவே சீழும். முழங்கை வரை ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. அவள் கத்தவில்லை. மேஸ்திரியிடம் போய், "அக்காவுக்கு மயக்கமா இருக்குது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வரேங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஜங்ஷன் ரோட்டில் ஒரு லேடி டாக்டர். முதலில் சர்க்கரை பார்த்தார், இல்லை. "மண்ண வச்சீங்களா?" என்றார்.

"எல்லாரும் வக்கிறதுதாங்க. இவளும்தான் வச்சா, இவளுக்கு ஆறிடுச்சு." புகார் கொடுப்பது போலத்தான் சொன்னேன்.

"இவங்களுக்கு ஆறுனது மண்ணால இல்ல, மண்ணையும் மீறி ஆறிடுச்சு" என்றார் டாக்டர். பிறகு நிதானமாகச் சொன்னார். "கொழுப்புன்னா சும்மா மூட்ட கட்டி வச்ச மாதிரி கெடக்கும்னு நெனச்சிட்டிருப்பீங்க. அப்பிடி இல்லம்மா. உடம்புல ரொம்ப அதிகமாயிட்டா, அது ஏதோ காயம் பட்ட மாதிரி ரத்தத்துல சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். கிருமிய எதிர்க்குற செல்லுங்க அதக் கேட்டுக்கிட்டு எப்பவும் சண்டைக்கு நிக்கும். நெசமாவே கிருமி வரும்போது அதுங்க அசந்துபோயி இருக்கும். லேட்டாவும் வரும், வந்தாலும் சரியா வேல செய்யாது. காயத்துக்கு ரத்த ஓட்டமும் பத்தாது. அதான் காய்ச்சல் வந்தாலும் ஒங்களுக்கு அதிகமாவுது."

என் உடம்பைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் என் வாயைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். உள்ளே இருந்த காவலைப் பற்றி முதல்முறையாக ஒருவர் பேசினார். அப்போதும் என் புத்தி எங்கே போனது பாருங்கள். அப்படியானால் இவளுடைய காவல்காரர்கள் மட்டும் நன்றாகத் தூங்கி எழுந்து தெம்பாக வேலைக்கு வருகிறார்கள் என்று அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கட்டவெரல எடுக்கச் சொல்லியிருப்பேன்" என்றார் டாக்டர். "இப்பவும் காப்பாத்திடலாம்னு உறுதியா சொல்ல மாட்டேன்." கட்டைவிரல் இல்லாமல் பொம்மையைப் பிடிக்க முடியாது. சோற்றைக்கூடப் பிசைய முடியாது.

எடை பார்க்கச் சொன்னார். ஏறினேன். மெஷினில் எண் வரவில்லை, வெறும் கோடு வந்தது. "நூத்தி இருவதுக்கு மேல இது காட்டாது. ஊசி மருந்த எடைக்குத் தகுந்தாப்ல போடணும். கொறச்சுப் போட்டா கேக்காது, கூடப் போட்டா கிட்னிக்கு ஆவாது. மொத ஊசி இப்ப போட்டுடறேன். அடுத்ததுக்குள்ள பெரிய தராசு எங்கயாவது பாத்துட்டு வாங்க."

"எங்க கம்பெனில இருக்குதுங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு, நான் இறங்கிய அதே மெஷினில் தான் ஏறி நின்று பார்த்தாள். நாற்பத்தைந்து. என் விரல் போகப்போகிறது, இவள் எடை பார்த்துக்கொள்கிறாள். எனக்குக் காட்டத்தான் ஏறினாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கம்பெனித் தராசு என்பது மண் மூட்டை போடுகிற தராசு. லாரி நிற்கிற முற்றத்தில், எல்லோர் கண்ணெதிரிலும் இருக்கும். எடை போடுகிறவர் ஒவ்வொரு எடையையும் மூன்று தடவை உரக்கச் சொல்லுவார், தூரத்துக் கொட்டகையில் எழுதுகிறவருக்குக் கேட்க வேண்டுமே. என் எடையை அந்தக் குரலில் மூன்று தடவை கேட்பதைவிட விரல் போனாலும் போகட்டும் என்று ஆட்டோவில் அவளிடம் சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது எனக்கு.

"வாங்கக்கா" என்றாள்.

சுமை தூக்குகிறவர்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் முதலில் தராசில் ஏறினாள். என் இடது கையைப் பிடித்து இழுத்து ஏற்றி, இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கும் சேத்துப் போடுங்கண்ணே."

"ரெண்டு பேருக்குமா? எதுக்கும்மா?"

"எடைக்கு எட வெல்லம் போடறதா வேண்டிக்கிட்டோம், ரெண்டு பேரும் சேந்து."

வேண்டுதல் என்றதும் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நூத்தி எழுவத்தாறு" என்று மூன்று தடவை சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அது யாருடைய எடையும் இல்லை.

இறங்கும்போது அவள் என் காதருகில் சொன்னாள். "என்னுது நாப்பத்தஞ்சுக்கா. நீங்களே கழிச்சு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. எனக்குக் கழித்தல் வராது." நாள் முழுக்கப் பொம்மைகளை டஜன் டஜனாக எண்ணி, உடைந்ததைக் கழித்து, ஒன்றுகூடப் பிசகாமல் ஒப்படைக்கிறவள் அவள்.

கட்டைவிரல் தப்பியது. கீறிச் சீழை எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், ஆறுவதற்கு மூன்று மாசம் ஆனது. முழுசாக மடங்காது, ஆனால் பொம்மையைப் பிடிக்கிறது. எடைக்கென்று தனி வைத்தியம் இருக்கிறது என்று டாக்டர் கடலூர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார், போய்க்கொண்டிருக்கிறேன். பொய்க்குச் சொன்ன வேண்டுதலானாலும் செய்துவிட வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். "நீங்க கொஞ்சம் எளைங்கக்கா, அப்பறம் போடலாம், வெல்லம் மிச்சம்" என்கிறாள்.

பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. போன மாசமும் அவளுக்குக் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் விட்டது, எனக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் இப்போது அதைவிட அதிகமாக எரிவது வேறொன்றை நினைக்கும்போது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், அந்தத் தராசுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, மூன்று தடவையும் காது கொடுத்துக் கேட்டிருப்பேன்.