கைக்கு எட்டும் கயிறு

பாய்ப்படகு ஓட்டுகிறவர்களுக்குக் கைகள் போதாமல் போவதுதான் என் தொழிலுக்கு மூலதனம்.

கண்டியில் லொறிகளை மூடும் தறப்பாள் தைக்கும் சின்னக் கடை என்னுடையது. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் படகு வைத்திருந்த ஒருவர் கிழிந்த பாயொன்றைக் கொண்டுவந்தார். தைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு கயிறு வந்தது, கப்பி வந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, கெடுத்துக் கெடுத்துத்தான் படித்தேன். படகில் ஆள் குறைவென்றால், உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் இழுக்கவும் விடவும் வழிசெய்து கொடுப்பேன். ஒரு கையில் குடை, மறு கையில் பார்சல் என்று நின்றபடி கேற்றுப் பூட்டைத் திறந்து பார்த்தவரா நீங்கள்? அப்படியானால் படகையே கண்டிராவிட்டாலும் என் வாடிக்கையாளர்களின் கஷ்டம் உங்களுக்கு விளங்கும். என் மனைவி இருந்தவரை தறப்பாளின் மறுமுனையை அவள் பிடித்துக்கொள்வாள். இப்போது மேசை விளிம்பில் பூட்டிய ஒரு கவ்வி பிடிக்கிறது. அது பேசாது என்பதைத் தவிர வேறு குறையில்லை.

இடியப்பம்

அக்குறணையில் ஹார்ட்வெயார் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருந்த ஹாஜியார் ஒருவர் பழைய படகொன்றை வாங்கினார். பெரிய பாய் ஒன்று, முன்பாய் ஒன்று, பின்னால் சுக்கானைப் பிடித்து உட்கார ஒரு பள்ளம். பெரிய பாயை ஏற்றி இறக்கும் கயிறு பாய்மரத்தின் அடியில் கட்டியிருந்தது. எழுந்து அங்கே போனால் சுக்கானைப் பிடிக்க ஆளில்லை. சுக்கானைப் பிடித்தால் பாயை இறக்க ஆளில்லை. "எல்லாத்தையும் என் மடிக்குக் கொண்டு வாங்க, பாஸ்" என்றார். கைவேலைக்காரனை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்பார்கள்.

கொண்டுவந்தேன். எல்லாக் கயிறும் வெள்ளை, எல்லாம் ஒரே மொத்தம். முதல் நாளே பெரிய பாயை இறக்கப் போனவர் முன்பாயை அவிழ்த்துவிட்டார். படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. ஒருவழியாகக் கரைக்கு வந்தவர், காலடியில் குவிந்து கிடந்ததைப் பார்த்தார்.

"பாஸ், நான் கயிறு கேட்டேன். நீங்க இடியப்பம் அவிச்சு வச்சீக்கிறீங்க."

அலுமாரித் தட்டு

அதற்குப் பிறகு நிறம் பிரித்தேன். பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு சிவப்பு. காற்று திடீரென்று அறைந்தால் முதலில் விடவேண்டியது அதைத்தான். ஏற்றி இறக்குவது நீலம். முன்பாயைச் சுருட்டுவது பச்சை. சுக்கான் கம்புக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டேன். அதில் மாட்டினால் கொஞ்ச நேரத்துக்கு இரண்டு கையும் ஓய்வு. ஹாஜியார் மழை நாள் தவிர மற்ற நாளெல்லாம் தண்ணீரில்தான் இருந்தார்.

ஒருநாள் மகனின் கடையில் அவர் தலைசுற்றி விழப்போனார். இனித் தனியே போகக் கூடாது என்றார் டொக்டர். மகன் அதோடு நிற்காமல் திருகோணமலையில் படகை வாங்க ஆளும் பார்த்துவிட்டார். வாடிப்போன முகத்தோடு என் கடைக்கு வந்த ஹாஜியாருக்குப் பின்னால் அவருடைய மனைவியும் வந்தார். ஊரே ஹாஜியானி என்று அழைக்கும் அம்மா. அவர்தான் பேசினார். "நான் கூடப் போறேன். ஆனா இவர் தண்ணில விழுந்தா, நான் தனிய படகத் திருப்பிக் கொண்டுவர ஏலுமா? ஏலுமெண்டா வச்சிக்கட்டும். ஏலாட்டி வித்துடட்டும்."

புது ஆள் வந்தால் நான் செய்வது ஒன்றுதான். கதிரையில் உட்காரவைத்து, சுக்கானுக்குப் பதில் வீடு கூட்டும் தும்புத்தடிக் கம்பைக் கையில் கொடுத்து, மற்றக் கை எட்டுகிற எல்லையை முன்னால் வைத்த பலகையில் சோக்கால் கீறுவேன். அந்தக் கோட்டுக்குள்தான் கயிறு வரவேண்டும். பலகையில் ஹாஜியாரின் பழைய கோடு இன்னும் இருந்தது. ஹாஜியானியின் கோடு அதற்கு எவ்வளவோ உள்ளே விழுந்தது. வலது தோளில் வலி. கையை மேலே தூக்க முடியாது. நான் பொருத்திய கயிறுகளில் ஒன்றுகூட அவருக்கு எட்டாது. அந்த அம்மா இரண்டு கோடுகளையும் பார்த்துச் சிரித்தார்.

"வீட்டு அலுமாரித் தட்டும் இவர்ட உயரத்துக்குத்தான் அடிச்ச, பாஸ். கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து நான் முக்காலில ஏறித்தான் சீனிப் போத்தல் எடுக்கிற."

மாத்தளையா, கண்டியா?

எல்லாவற்றையும் கழற்றினேன். சிவப்புக் கயிறு நழுவாமல் கடித்துப் பிடிக்கும் பல் வைத்த பிடி படுத்த பலகையில் இருந்தது. கயிற்றை மேலே சுண்டி இழுத்தால்தான் விடும். அதை நிமிர்ந்த பலகைக்கு மாற்றினேன். இப்போது தன் பக்கம் இழுத்தாலே போதும், தோளுக்கு வேலையில்லை. எது எங்கே என்று ஹாஜியானியே காட்டினார். அவசரத்துக்கு வேண்டியது முழங்காலுக்குப் பக்கத்தில், ஆறுதலாகச் செய்வது தள்ளி.

பிறகு அவர்கள் வீட்டு முற்றத்தில் படகை ட்ரெய்லரில் நிறுத்தி ஒத்திகை பார்த்தோம். ஹாஜியார் முன்னால் உட்கார்ந்து, "இப்ப காத்து வருது! இப்ப நான் விழுறேன்!" என்று கத்துவார். ஒருமுறை ஹாஜியானி நீலத்தை விட்டார். பாய் முழுவதும் ஹாஜியாரின் தலைமேல் இறங்கியது. வெள்ளைத் துணிக்குள்ளிருந்து அவர் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருக்க, கண்டி-மாத்தளைப் பிரதான வீதியோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் பணிவோடு கேட்டார்.

"ஹாஜியார், மாத்தளைப் பக்கமா, கண்டிப் பக்கமா? கண்டிக்கெண்டா நானும் ஏறிக்கிறேன்."

விழுந்த ஆள்

சோதனை நாளில் மகனும் நீர்த்தேக்கத்துக்கு வந்து கரையில் நின்றார். திருகோணமலைக்காரரிடம் என்ன சொல்வதென்று அன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். படகில் நாங்கள் மூவர், மிதவைச் சட்டை போட்டபடி. எதையும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு நான் பாய்மரத்தடியில் உட்கார்ந்தேன். நடுவில் வந்ததும் ஹாஜியார் கைகளைக் கட்டிக்கொண்டு, "சரி, நான் விழுந்துட்டேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்து மலை இடுக்கால் காற்று இறங்கியது. அங்கே அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. படகு சரிந்து, ஓரத்தால் தண்ணீர் எட்டிப்பார்த்தது. என் கை தன்பாட்டில் சிவப்புக் கயிற்றை நோக்கிப் போனது. சத்தியம் ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டேன். "சிவப்பு! சிவப்ப விடுங்க! சுக்கான அங்கால தள்ளுங்க! அந்தப் பக்கமில்ல..." என்று ஹாஜியார் கத்தினார். ஹாஜியானி சிவப்பை ஏற்கெனவே மடிப்பக்கம் இழுத்து விட்டிருந்தார். பாய் படபடத்தது, படகு நிமிர்ந்தது. சுக்கானை வளையத்தில் மாட்டினார். பச்சையை இழுத்து முன்பாயைச் சுருட்டினார். பிறகு சிவப்பைத் திரும்பவும் கொஞ்சம் இறுக்கி, படகை மெதுவாகக் கரைக்குத் திருப்பினார். நீலத்தைக் கரை நெருங்கியதும் விட்டார். முகத்தில் பயம் இருந்தது, கையில் இல்லை. மகன் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்தார். ஹாஜியார் மட்டும் கடைசிவரை, "மெதுவா... கல் ஈக்கி, பாத்து... இடப்பக்கம்..." என்று நிறுத்தவேயில்லை. ஹாஜியானி அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க இன்னம் தண்ணிக்குள்ளதான் ஈக்கிறீங்க. விழுந்த ஆள் பேசப்படாது."

படகு இப்போதும் அவர்களிடம்தான் இருக்கிறது. எந்தக் கயிற்றையும் கைக்கு எட்டவைக்கும் என்னிடம் பக்கத்தில் இருப்பவரின் வாய்க்கு மட்டும் ஒரு கவ்வி இல்லை, இருந்திருந்தாலும் என் தறப்பாளின் மறுமுனையைப் பிடித்தவளுக்கு நான் அதைப் பூட்டியிருக்க மாட்டேன்.